மான்யம் கருவிக்கா? அறிவுக்கா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த ஆண்டு விழாவில் கலையைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் பாட்டுக்காரரும் அல்ல, கூத்துக்காரரும் அல்ல, பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரும் அல்ல. ஆகையால் கலையின் இனிமையைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கலைக்கென்று கொடுக்கப்படும் பணத்தைப் பற்றிப் பேசலாம். பொதுப்பணம் எங்கே போகிறது, போன இடத்தில் என்ன ஆகிறது என்று கேட்பதற்குச் சங்கீத ஞானம் வேண்டியதில்லை. கணக்குக் கேட்கும் புத்தி இருந்தால் போதும்.

இப்போது பல தேசங்களில் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் நாடக சபை, சங்கீத சபை, சித்திரசாலை, பொருட்காட்சிசாலை முதலியவைகளுக்கு ஒரு புது மாதிரியான மான்யம் கொடுத்து வருகின்றன. அது நாடகம் போடுவதற்கல்ல, கட்டடம் கட்டுவதற்குமல்ல. கம்ப்யூட்டர், இன்டர்நெட் முதலிய டிஜிட்டல் சாதனங்களைப் பிறர் தயவில்லாமல் தாங்களே கையாளும் சக்தியை அந்த ஸ்தாபனங்கள் அடைவதற்காகக் கொடுப்பது. இது பிரயோஜனமா, வீணா என்பதே இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் நம்முடைய அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நாம் நிர்வாகக் கமிட்டியில் இருந்த ஒரு வாசகசாலைக்கு ஒரு தர்ம ஸ்தாபனத்தார் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கேமராவும் கொடுத்தார்கள். கொடுத்த அன்று மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். ஆயுத பூஜையன்று அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடமும் காட்டினார்கள். ஆனால் அதை எப்படிக் கையாளுவது என்று ஒருவருக்கு ஒரு நாளாவது கற்றுக்கொடுத்தார்களா என்றால் இல்லை.

ஒரே ஒரு வாலிபர் தாமாக முட்டிமோதிக் கற்றுக்கொண்டார். பக்கத்துக் கிராமத்தில் 80 வயது தாண்டிய ஒரு கூத்து வாத்தியார் இருந்தார். இரவு முழுதும் ஆடும் கூத்துகள் பலவற்றை அவர் ஏட்டைப் பாராமலே பாடுவார். அந்த வாலிபர் அவரை அழைத்து வந்து, உட்கார வைத்து, பல நாள் பாடச்சொல்லிப் பதிவு செய்தார். பிறகு அவர் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார். பெட்டியைத் திறக்கும் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்து திறந்து பார்த்தால் உள்ளே இருந்த டிஸ்க் கெட்டுக் கிடந்தது. வேறு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. வாத்தியாரோ அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். அவர் பாட்டு இன்று உலகத்தில் எங்கும் இல்லை.

தோழர்களே! இதில் சாமான் கொடுத்தவரை மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? சாமானுக்குச் சூடம் காட்டிய நேரத்தில் கால் பங்கைச் சாமானைப் பற்றித் தெரிந்துகொள்ளச் செலவழித்திருந்தால் அந்தப் பாட்டு பிழைத்திருக்கும். ஆகவே இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்று இந்தச் சபையில் ஒப்புக்கொள்ளுகிறோம்.

இனி, மற்ற தேசத்தார் இந்தக் காரியத்தை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

கனடா தேசத்தில் கலைகளுக்கென்று ஒரு பொதுக் கவுன்சில் இருக்கிறது. 1951-ம் வருஷத்தில் வின்சென்ட் மாஸ்ஸி என்பவர் தலைமையில் இருந்த ஒரு ராயல் கமிஷன் அப்படி ஒன்று வேண்டுமென்று சொல்லி, 1957-ல் அது ஏற்பட்டது. அதற்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். ஐசக் வால்டன் கில்லம் என்பவரும் சர் ஜேம்ஸ் டன் என்பவரும் அந்நாட்டின் பெருங் கோடீஸ்வரர்கள். ஒருவர் 1955-லும் மற்றவர் 1956-லும் செத்துப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன சொத்தின்மேல் சர்க்காருக்கு வந்த மரண வரி சுமார் 10 கோடி டாலர். அதில் பாதியைச் சர்வகலாசாலைக் கட்டடங்கள் முதலியவைகளுக்கென்று வைத்து, மறுபாதியை இந்தக் கவுன்சிலின் மூலதனமாக்கினார்கள். இரண்டு பணக்காரர் சாவினால் அந்த நாட்டு ஜனங்களுக்கு நாடகமும் சங்கீதமும் படிப்பும் கிடைத்தன என்றால், செத்தவன் சொத்துக்கு இதைவிட நல்ல கருமாதி வேறென்ன இருக்கிறது?

அந்தக் கவுன்சில் 2017-ல் டிஜிட்டல் காரியங்களுக்கென்று ஒரு தனி நிதி ஏற்படுத்திற்று. அதன் தொகை 8 கோடியே 85 லட்சம் கனடா டாலர். 2021 வரையில் அது நடந்தது. அதை மூன்று பாகமாகப் பிரித்தார்கள். முதல் பாகம், கலைஞர்களும் ஸ்தாபனத்தாரும் டிஜிட்டல் உலகத்தைப் பற்றிய அறிவைப் பெறுவதற்கு. இரண்டாவது, பொது ஜனங்கள் கலையை எளிதில் அடைவதற்கு. மூன்றாவது, ஸ்தாபனங்கள் தங்கள் வேலை முறையையே மாற்றிக்கொள்ளுவதற்கு. அறிவுக்கு முதலிடம் கொடுத்திருப்பதைப் பார்த்தீர்களா? அதுமாத்திரமல்லாமல், பல ஸ்தாபனங்கள் கூடிச் செய்வதையும், கற்றதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் அந்த நிதி வற்புறுத்திற்று.

ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். ஒருவன் கையிலுள்ள போனைப் பார்த்து, "இன்று இரவு பக்கத்தில் என்ன நாடகம்?" என்று கேட்கிறான். சபைக்காரர் அழகான சித்திரத்தோடு நோட்டீஸ் போட்டிருக்கிறார். ஆனால் யந்திரம் தேடும்போது சித்திரத்தின் அழகைப் பார்ப்பதில்லை. நாடகத்தின் பெயர் இன்னது, இடம் இன்னது, நாள் இன்னது, கட்டணம் இவ்வளவு என்று, கடைக்காரர் பேரேட்டில் பத்தி பத்தியாக எழுதுவதுபோல் தனித்தனியே எழுதி வைத்தால்தான் அது நிச்சயமாகக் கண்டுபிடிக்கும். இல்லாவிட்டால் அந்த நாடகம் இருப்பதாகவே அதற்குத் தெரியாது. கேட்டவன் வேறு ஏதாவது சினிமாவுக்குப் போய்விடுவான். இதை உணர்ந்து, கனடாவின் நிகழ்கலை ஸ்தாபனங்களுடைய சங்கம் ஒன்று மேற்படி நிதியின் உதவியைக் கொண்டு, அரங்குகளையும் குழுக்களையும் பற்றிய விவரங்களை எல்லோரும் இலவசமாக உபயோகிக்கக்கூடிய முறையில் எழுதிச் சேர்க்கும் வேலையைச் செய்தது. 2012 முதல் நடந்துவரும் விக்கிடேட்டா என்னும் பொதுப் பேரேட்டிலும் அவைகளைப் பதிந்தார்கள். இதில் பளபளப்பு ஒன்றுமில்லை. மாலை போட்டுப் போட்டோ எடுக்க இடமில்லை. ஆனால் எந்தக் கம்ப்யூட்டர் பழசாகிப் போனாலும் இந்த வேலை பழசாகாது.

இங்கிலாந்திலும் இதே மாதிரி ஒரு நிதி 2012 முதல் 2015 வரை நடந்தது. தொகை 70 லட்சம் பவுன். அதன் நிபந்தனை வெகு புத்திசாலித்தனமானது. ஒரு கலை ஸ்தாபனம், ஒரு தொழில்நுட்பக் கம்பெனி, ஒரு ஆராய்ச்சிக் கூட்டத்தார் ஆகிய மூவரும் சேர்ந்து வந்தால்தான் பணம். கலைக்காரர் தமக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர் செய்து காட்ட வேண்டும். ஆராய்ச்சிக்காரர் அது பலித்ததா, பலிக்கவில்லையா என்று அளந்து எழுத வேண்டும். பலிக்காததையும் எழுத வேண்டும் என்பதுதான் இதில் விசேஷம்.

அதற்கு முன்னமேயே, லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 ஜூன் மாதத்தில் ஹெலன் மிர்ரன் அம்மையார் நடித்த ஒரு நாடகத்தை, நடக்கும்போதே பல ஊர் சினிமாக் கொட்டகைகளில் திரையில் காட்டிற்று. "இப்படிக் காட்டினால் நேரில் வருகிற கூட்டம் குறைந்துவிடும்" என்ற பயம் அநேகருக்கு இருந்தது. அந்தப் பயத்தை ஜோசியக்காரனிடம் கொண்டுபோகாமல் ஆராய்ச்சிக்காரரிடம் கொண்டுபோனார்கள். அவர்கள் கணக்குப் பார்த்ததில் கூட்டம் குறைந்ததாகக் காணவில்லை.

பிறகு 2020-ல் கொரோனா வந்து உலகமெங்கும் நாடகக் கொட்டகைகள் மூடப்பட்டன. பிரிட்டிஷ் சர்க்கார் அந்த வருஷம் ஜூலையில் கலை ஸ்தாபனங்களைக் காப்பாற்ற 157 கோடி பவுன் ஒதுக்கவேண்டி வந்தது. ஆனால் மேற்படி நேஷனல் தியேட்டர் முன்னமே படம் பிடித்து வைத்திருந்த நாடகங்களை ஏப்ரல் முதலே இன்டர்நெட்டில் இலவசமாகக் காட்டிற்று. வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்கள் பார்த்தார்கள். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிறவனுக்கும், முன்னமே வெட்டி வைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சாமான் மாத்திரம் போதாது என்பதற்கு இன்னுமொரு சாட்சி வேண்டுமா? லண்டனிலுள்ள பிரிட்டிஷ் லைப்ரரி உலகத்திலேயே மிகப் பெரிய புத்தகசாலைகளில் ஒன்று. 2023 அக்டோபரில் திருடர் கூட்டம் ஒன்று இன்டர்நெட் வழியாக அதன் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, எல்லாவற்றையும் முடக்கிப் பணம் கேட்டது. லைப்ரரியார் பணம் கொடுக்கவில்லை. ஆனால் புத்தகப் பட்டியலே 2024 ஜனவரியில்தான் ஓரளவு திரும்பிற்று. மற்ற வேலைகள் சீர்ப்பட இன்னும் வெகு காலம் பிடித்தது. அந்தக் கஷ்டம் நீண்டதற்குப் பழைய யந்திர ஏற்பாடுகளை மாற்றாமல் வைத்திருந்ததும் ஒரு காரணம் என்று அவர்களே 2024 மார்ச்சில் அறிக்கை போட்டு வெளியிட்டார்கள். தங்கள் தப்பைத் தாங்களே அச்சிட்டுப் பிறர் ஜாக்கிரதையாக இருக்கச் செய்த அந்த யோக்கியப் பொறுப்பை நாம் மெச்சுகிறோம்.

இதில் நமக்கும் சம்பந்தமுண்டு. அழியும் நிலையிலுள்ள சுவடிகள், பழைய அச்சுகள், படங்கள் முதலியவைகளைப் பல தேசங்களில் பிரதி எடுப்பதற்கு, ஆர்காடியா என்னும் தர்ம நிதியின் பணத்தைக் கொண்டு 2004 முதல் அந்த லைப்ரரி மான்யம் கொடுத்து வருகிறது. தமிழ்நாட்டிலும் அந்த மான்யத்தால் வேலை நடந்திருக்கிறது. மேற்படி திருட்டின்போது இந்தப் பிரதிகளைப் பார்க்கும் இன்டர்நெட் பக்கமும் படுத்துவிட்டது. ஆனால் அந்த மான்யத்தின் சட்டம் என்னவென்றால், மூலம் சொந்த நாட்டை விட்டுப் போகக்கூடாது. பிரதி ஒன்றும் சொந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதாகும். லண்டனில் விளக்கு அணைந்தாலும் இங்கே விளக்கு அணையாமலிருக்க இப்படிப்பட்ட ஏற்பாடுதான் வேண்டும்.

"பசித்தவனுக்குச் சோறில்லாதபோது கூத்துக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஏழையின் கலை மாத்திரமே ஏழையோடு செத்துப் போகிறது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். பணக்காரர் சபையில் நடக்கும் கச்சேரிக்கு ஆயிரம் பதிவு உண்டு. கூத்துக்காரர், பறையடிப்பவர், வில்லுப்பாட்டுக்காரர் ஆகியவர்களின் வித்தையை யார் பதிந்து வைக்கிறார்கள்? அவர்களுக்குச் சோறும் வேண்டும். அவர்கள் வித்தைக்கு உரிமையும் விலையும் வேண்டும். தங்கள் பதிவு தங்கள் கையில் இருந்தால்தான் அதை வைத்து இன்னொருவன் சம்பாதிக்காமல் தடுக்க முடியும்.

மற்றொரு கஷ்டம் மனுப் போடுவது. மான்யத்துக்கு மனு எழுதுவதே ஒரு தனி வித்தையாகிவிட்டது. பெரிய ஸ்தாபனங்கள் மனு எழுதுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. சின்னக் குழுவுக்கோ பாரத்தைப் படிக்கவே ஆளில்லை. ஆகவே மான்யம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குப் போகாமல், யாருக்கு எழுதத் தெரியுமோ அவர்களுக்குப் போய்ச் சேருகிறது. எழுத்தறிந்தவன் சொன்னதே சட்டம் என்றிருந்த பழைய கொடுமை புது வேஷம் போட்டு வருவதற்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. மனுவை வாய்மொழியாகச் சொன்னாலும், தாய்மொழியில் சொன்னாலும் ஏற்க வேண்டும் என்று கேட்பதே நியாயம்.

ஆகவே தோழர்களே! நாளைக்கு இந்த வாசகசாலைக்கு ஒருவர் மான்யம் கொடுக்க வந்தால், மாலையை எடுப்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். கற்றுக்கொடுக்க எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு? கற்றுக்கொள்ளப் போகிறவர் ஒருவரா, பலரா? பிரதி எத்தனை, எந்த எந்த இடத்தில்? கொடுத்த பணம் தீர்ந்த மறு வருஷம் இதை யார் நடத்துவது? இந்த நான்குக்கும் பதில் சொல்லாத மான்யம் நமக்குச் செய்த உதவியல்ல. கொடுத்தவர் தமக்குச் செய்துகொண்ட விளம்பரம்தான்.

அந்தக் கூத்து வாத்தியாருக்கு ஒரு சிஷ்யர் இருக்கிறார். அவருக்கும் இப்போது அறுபது வயதுக்கு மேலாகிறது. வாத்தியாருடைய பாட்டில் பாதியாவது அவருக்குத் தெரியுமாம். இந்த வாசகசாலையில் நான்கு வாலிபர்கள் முன்வந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து வர நாம் தயாராயிருக்கிறோம். பதிவு செய்யக் கையிலுள்ள போனே போதும். ஆனால் அன்றைக்கே மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வைக்க வேண்டும். நான்கு பேருக்கும் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்தியில் வைத்து யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், கூட்டம் கலைவதற்கு முன் அந்த நான்கு பேர் எழுந்து தங்கள் பெயரைச் சொல்லட்டும்.