குறட்டை விடும் குழந்தை

நித்திரையிற் குறட்டை விடும் குழந்தையைக் கண்டு வீட்டார் நகைப்பது வழக்கம். "அப்பப்பாவின் குறட்டை பேரனுக்கும் வந்துவிட்டது" என்பார் ஒருவர். "பகல் முழுவதும் ஓடியாடிய களைப்பு, பிள்ளை அயர்ந்து உறங்குகிறான்" என்பார் மற்றொருவர். ஆனால், நாள்தோறும் கேட்கும் குறட்டை நல்ல நித்திரையின் அடையாளமன்று. மூச்சுச் செல்லும் வழி ஒடுங்கியிருக்கின்றது என்பதையே அது அறிவிக்கின்றது.

தொண்டையின் இருபுறத்திலும் உள்ள ரொன்சில் சதைகளும், மூக்கின் பின்புறத்திலுள்ள அடினொயிட் சதையும் சில பிள்ளைகளுக்கு அளவுக்கு மிஞ்சிப் பருத்துவிடுகின்றன. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கும். உறங்கியதும் அவை தளர்கின்றன, வழி அடைபடுகின்றது, இரத்தத்திற் பிராணவாயு குறைகின்றது. உடனே மூளை திடுக்கிட்டு எழுப்ப, பிள்ளை பெருமூச்சு வாங்கி மறுபடியும் உறங்குகின்றது. ஓரிரவிற் பலமுறை இவ்வாறு நிகழ்ந்தாலும் காலையில் அதற்கு எதுவும் நினைவிராது. நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் ஐவர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது வைத்தியர் மதிப்பு.

ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை எட்டு முதல் பத்து மணி நேரமும் நித்திரை வேண்டும். ஆனால் பாயிற் கிடந்த நேரமெல்லாம் நித்திரையாகாது. இரவிற் சிதைந்த உறக்கம் பகலில் வேறு வேடம் பூண்டு வருகின்றது. வளர்ந்தவர் தூங்கி விழுவர். சிறுவரோ பெரும்பாலும் அமைதியிழந்து துள்ளுவர், சினப்பர், பாடத்திற் கருத்தூன்றமாட்டார். வகுப்பறையில் அவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் 'மந்தன்' அல்லது 'குழப்படிகாரன்' என்பதே.

இவ்வுண்மை புதியதன்று. 1889ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹில் என்னும் வைத்தியர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில், பிள்ளைகளின் பின்தங்கிய நிலைக்கு மூச்சுத் தடையும் ஒரு காரணமென எழுதினார். 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றுக்காக டேவிட் கோசால் என்னும் ஆராய்ச்சியாளர் ஐக்கிய அமெரிக்காவில், முதலாம் வகுப்பிற் கடைநிலையில் நின்ற 297 சிறுவரைச் சோதித்தார். 54 பேருக்கு நித்திரையில் மூச்சுக் குறைபாடு காணப்பட்டது. ரொன்சிலும் அடினொயிட்டும் அகற்றப்பட்ட 24 பேரின் புள்ளிகள் அடுத்த ஆண்டில் உயர்ந்தன. சிகிச்சை பெறாத 30 பேரின் நிலையில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை.

எனினும், குறட்டை கேட்டவுடன் சத்திர சிகிச்சைக்கு ஓடவேண்டியதில்லை. 464 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சத்திர சிகிச்சை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 79 பேருக்கும், ஏழு மாதம் காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 46 பேருக்கும் மூச்சு சீரடைந்தது. சிகிச்சை பெற்றோரின் நடத்தையும் உடல்நலமும் மேம்பட்டன. கவனத்தை அளக்கும் சோதனையில் மட்டும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே எது தகுமென்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

வைத்தியருக்கு உதவும் சாட்சிகள் தாயும் தந்தையுமே. வாரத்தில் மூன்று இரவுக்கு மேற் குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், வாயால் மூச்சு விடுதல், கழுத்தைப் பின்னே வளைத்து உறங்குதல், வழக்கொழிந்த பின்னும் மீண்டும் படுக்கை நனைத்தல், காலைத் தலைவலி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. குமரப் பருவத்தில் உடற்பருமனும் இந்நோயை வளர்க்கின்றது. கவனியாது விட்டால் வளர்ச்சி குன்றுதலும் இரத்த அழுத்தம் கூடுதலும் நேரலாம்.

தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் போதாது' என எழுத முற்படும் ஆசிரியர், அதற்கு முன் பெற்றோரை அழைத்து ஒரு வினா வினவுவாராக: "பிள்ளை இரவில் எப்படி மூச்சு விடுகிறான்?" பிரம்பினாலும் மேலதிக வகுப்பினாலும் தீராத குறை, அவ்வொரு வினாவினால் வெளிப்படக்கூடும்.