நாம் யாரிடம் வாங்குகிறோம்?

(பேகம்பூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. இட்லிக் கடையைப் பற்றியும் மளிகைக் கடையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர், "இதற்கும் சுயமரியாதைக்கும் என்னய்யா சம்பந்தம்? இது வியாபாரிகள் சங்கத்தார் பேச வேண்டிய விஷயமல்லவா?" என்று கேட்டார். சம்பந்தம் நிரம்ப இருக்கிறது. ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்கின்ற எண்ணம் இந்த நாட்டில் கோயிலுக்குள் மாத்திரம் குடியிருக்கவில்லை. சோற்றுப் பானையிலும் தண்ணீர்க் குடத்திலும்தான் அது அதிகமாய்க் குடியிருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டில் பேதம் வைத்ததுதானே அந்நாளில் தமிழ்நாட்டையே இரண்டு படுத்திற்று? ஆகவே நாம் யார் கையால் செய்த பண்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம், யார் கையால் செய்ததை வேண்டாமென்று தள்ளுகிறோம் என்பது நம் இயக்கத்தின் காரியமேயாகும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சரக்கு என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சுதேசி என்றும் கதர் என்றும் பெயர் சொல்லி, முரட்டுத் துணியை அதிக விலைக்கு வாங்குவதுதான் தேசபக்தி என்றார்களே, அப்போது "இது என்ன நியாயம்?" என்று கேட்டவர்கள் நம்மவர்கள். அந்தப் புத்தியை இன்றைக்கு விட்டுவிடலாமா? சொந்த ஊர் அரிசி என்பதற்காக அதிலுள்ள கல் கரைந்து போகுமா? அல்லது "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று இரக்கப்பட்டு வாங்குவதா என்றால் அதுவும் கூடாது. உழைக்கிறவனுக்கு இரக்கம் வேண்டியதில்லை. அவன் சரக்குக்குச் சரியான விலை வேண்டும்.

பின்னை எதற்காக வாங்க வேண்டும் என்றால், கணக்குப் பார்த்து வாங்க வேண்டும் என்கிறேன்.

திண்டுக்கல் என்றால் பூட்டு என்று ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பேசினார்கள். கையால் இழைத்து, கையால் சாவி வெட்டி, ஒரு பூட்டின் சாவி மற்றொன்றில் சேராதபடி செய்த பூட்டு அது. மாங்காய்ப் பூட்டு என்ற பெயரைக் கேட்டால் இன்றும் வயதானவர்கள் முகம் மலரும். பிறகு வடக்கே அலிகாரிலிருந்து யந்திரத்தில் அடித்த மலிவுப் பூட்டு வந்தது. நாம் என்ன செய்தோம்? பெருமையைத் திண்டுக்கல் பூட்டுக்குக் கொடுத்தோம். காசை அலிகார்ப் பூட்டுக்குக் கொடுத்தோம். (சிரிப்பு) தகப்பன் செய்த தொழிலுக்கு மகன் வரவில்லை. பட்டறைகள் ஒன்றொன்றாய்ச் சாத்தின. அதன் பிறகு 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு என்கிற பட்டயம் வந்து சேர்ந்தது. நோயாளி பிழைத்திருந்தபோது கஞ்சி ஊற்றாதவர்கள், பிற்பாடு படம் எடுத்து மாலை போடுகிற மாதிரிதான் இது.

பூட்டுக்கு வந்தது பண்டத்துக்கு வராது என்று எண்ணாதீர்கள். எங்கோ ஒரு பட்டணத்து ஆலையில் அரைத்த மாவு, பையில் அடைபட்டு நம் தெருவுக்கு வருகிறது. போனைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் பண்டம் வாசலில் நிற்கிறது என்று பெரிய பட்டணங்களில் விளம்பரம் செய்தார்கள். கொண்டு வந்து கொடுக்கிற பையனோ மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஓடுகிறான். சமைத்தவனிடம் கமிஷனைப் பிடித்துக்கொள்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. அவனிடம் போய், "நேற்று மாவு புளித்திருந்ததே" என்று கேட்க முடியுமா? நம் தெரு அக்காவிடம் கேட்கலாம். சண்டையே பிடிக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாவு, இடியாப்பம், பன், டீ, வடை, கீரை என்று வீட்டுக்குத் தினம் 40 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். நாளைக்கு 4,000 ரூபாய், மாதம் 1,20,000, வருஷத்திற்கு 14,40,000 ரூபாய். அரிசிக்கும் உளுந்துக்கும் விறகுக்கும் போக, கால் பங்குதான் கூலியாகவும் லாபமாகவும் மிஞ்சுகிறது என்றாலும் 3,60,000 ரூபாய் அந்தத் தெருவிலேயே நிற்கிறது. அது ஒரு பெண்பிள்ளையின் கல்லூரிச் சம்பளமாகிறது. ஒரு விதவையின் வீட்டு வாடகையாகிறது. அதே பணம் வெளியே போனால் திரும்பி வருமா? இதில் தேசபக்தியும் இல்லை, தெய்வபக்தியும் இல்லை. பெருக்கலும் வகுத்தலும்தான் இருக்கிறது.

மற்றொரு சங்கதி. பண்டத்தைச் செய்தவனை மறந்துவிடுகிற வழக்கம் நமக்கு எப்படி வந்தது? நம் ஜில்லாவிலேயே பழனி இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே 2019இல் குறியீடு கொடுத்தார்கள். அதில் சேருகிற மலைவாழைப்பழம் விருப்பாச்சி மலைக் குடியானவன் விளைவித்தது. நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடிப் பக்கத்தான் கொப்பரையின் முன் வெந்து காய்ச்சியது. நெய்யும் தேனும் ஏலமும் வேறு வேறு ஆட்களின் பாடு. இனிப்பையெல்லாம் இவர்கள் போட்டிருக்க, கீர்த்தியை மாத்திரம் ஆண்டவர் தட்டிக்கொண்டு போகிறார்! (சிரிப்பு) பக்தர்கள் கோபிக்க வேண்டாம். பஞ்சாமிர்தம் ருசியாகத்தான் இருக்கிறது, நானும் சாப்பிடுகிறேன். சாப்பிடும்போது குடியானவனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

நிற்க, இந்தப் பேகம்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் இங்கே அடக்கமானதால் இப்பெயர் வந்தது. பெரிய பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம்களும், தோல் ஷாப்களை நம்பிப் பிழைத்த ஆதிதிராவிடத் தோழர்களும், கிறிஸ்தவர்களும், மற்றவர்களும் கலந்து வாழ்கிற இடம் இது. இங்கே விடியற்காலையில் இடியாப்பமும் பாயாவும் விற்கிற வீட்டுக்கு எதிர்வீட்டில் இட்லியும் ஆப்பமும் வேகின்றன. திண்டுக்கல் பிரியாணியைத் தின்பதற்காக வெளியூரிலிருந்து மோட்டாரில் வருகிறார்கள். சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் சேர்ந்து மணக்கும்போது எவனுக்கும் ஜாதி ஞாபகம் வருவதில்லை. கை கழுவிய பிற்பாடுதான் வருகிறது! பாய் கடைப் பிரியாணி ருசிக்கிறது. பாய்க்கு வீடு வாடகைக்குக் கொடுக்க மாத்திரம் மனம் கசக்கிறது. இது நாக்குக்கு ஒரு நியாயம், மூளைக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறேன்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் பாட்டி, பாய் பேக்கரி ரொட்டியைக் கொல்லைப்புறமாய் வாங்கி, அதன்மேல் தண்ணீரைத் தெளித்துத்தான் உள்ளே கொண்டுவருவாள். தண்ணீர் பட்டால் ரொட்டி நமத்துப் போகுமே ஒழிய மதம் மாறுமா? அந்தப் பாட்டிக்கே கடைசிக் காலத்தில் காய்ச்சல் வந்தபோது, டாக்டர் ரொட்டிதான் கொடுக்கச் சொன்னார். அப்போது தண்ணீர் தெளிக்கவில்லை, பாலில் தோய்த்தார்கள். (சிரிப்பு)

இதில் சிரிக்கக்கூடாத பாகமும் இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம் என்று வைத்திருந்த பிரிவினை 1941இல் கிளர்ச்சியின் மேல்தான் எடுபட்டது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்கிற எழுத்தை அழிக்கச் சொல்லிப் பெரியார் அவர்கள் மறியல் தொடங்க, மாதக்கணக்காய்த் தினமும் தொண்டர்கள் போய்ப் போய்க் கைதானார்கள். ஆயிரம் பேருக்கு மேல் பிடிபட்ட பின்புதான் அந்த எழுத்து அழிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2018இல் திருப்பூர் ஜில்லாவில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு சத்துணவுச் சமையல்காரப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று பெற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் போய் நின்றார்கள். அரிசி அரசாங்கத்தது, பருப்பு அரசாங்கத்தது, பிள்ளைக்குப் பசியும் இருக்கிறது. கரண்டி பிடித்த கைதான் குற்றம்!

வடக்கே பாருங்கள். அங்கே பெயரை அழிக்கவில்லை, எழுதச் சொன்னார்கள். 2024ஆம் ஆண்டு ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் காவடி யாத்திரை போகிற பாதையிலுள்ள உணவுக் கடைக்காரர்கள் எல்லாம் தங்கள் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டுமென்று உத்தரவு போட்டார்கள். பெயரைப் பார்த்தால் மதம் தெரிந்துவிடும், மதம் தெரிந்தால் ஜனங்கள் விலகிப் போவார்கள் என்பதல்லாமல் இதற்கு வேறு காரணம் என்ன? உச்சநீதிமன்றம் ஜூலை 22ஆம் தேதி இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு விற்கிறாய் என்பதை எழுதச் சொல்லலாம், உன் பெயரை எழுது என்று கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அதன் சாரம். நாமும் கடை வாசலில் அப்படித்தான் இருக்க வேண்டும். சைவமா, அசைவமா, புதியதா, பழையதா, எடை சரியா, எண்ணெய் எது என்று ஆயிரம் கேள்வி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நீ எந்த ஜாதி, எந்த மதம் என்று மாத்திரம் கேட்காதீர்கள். அந்தப் பதிலால் உங்கள் வயிறு நிரம்பப் போவதில்லை.

கடையில் வாங்குவதால் ஒரு சமூகம் எப்படித் தலைதூக்கும் என்பதற்கு நாடார் தோழர்களைப் பாருங்கள். பனையேறி என்று இகழப்பட்டு, கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் அவர்கள். கருப்பட்டி விற்று, மளிகை விற்று, வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று எடுத்து வைத்து, அதிலே பள்ளிக்கூடம் கட்டினார்கள். கோயில் கதவு திறக்கட்டும் என்று மாத்திரம் காத்திருந்தால் இது நடந்திருக்குமா? அவர்களிலே நம் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சவுந்திரபாண்டியன் அவர்கள், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கிற பஸ்களுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்டார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. ஜாதிப் பட்டத்தை விடுவது என்று அந்த மாநாட்டில் தீர்மானமாயிற்று. ஆகவே தோழர்களே, கடைப் பலகையில் நாடார் என்று இருந்தாலும், செட்டியார் என்று இருந்தாலும், வேறெந்த ஜாதிப் பெயர் இருந்தாலும், பிராமணாளுக்குச் சொன்ன நியாயம்தான் அதற்கும்.

இனிக் கடைக்காரத் தோழர்களுக்கு. உங்களுக்காக இவ்வளவு பேசினேன் என்று மகிழ்ந்து போக வேண்டாம். உங்கள் பேரிலும் புகார் இருக்கிறது. முத்திரை போடாத தராசு யாரிடம் இருக்கிறது என்று இந்தக் கூட்டத்திலுள்ள தாய்மார்களுக்குத் தெரியும். நேற்று வடை சுட்ட எண்ணெயையே இன்றும் நாளையும் காய்ச்சுகிறவர் யார் என்று மூக்குக்குத் தெரியும். துணிக்குப் போடுகிற ரோடமின் சாயத்தைப் பஞ்சுமிட்டாயில் கலந்ததால்தானே 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அந்த மிட்டாய்க்கே தடை வந்தது? தின்றது யார்? குழந்தைகள். சின்னக் கடை என்பது அழுக்குக்கு லைசென்சு அல்ல. தள்ளுவண்டிக்காரர்களைக் கண்டபடி விரட்டக்கூடாது என்று 2014இல் சட்டமே செய்திருக்கிறார்கள். உரிமையைக் கேட்டு வாங்குங்கள். அதோடு கூட மூடி போட்ட பாத்திரத்தையும் நல்ல தண்ணீரையும் வையுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 2020இல் ஊரடங்கு போட்டபோது பெரிய கடைகளுக்குப் போக வண்டி இல்லை. கையில் காசும் இல்லை. அப்போது நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தது யார்? தெருமுனை அண்ணாச்சியும் பாயும்தானே? ரொக்கம் இருக்கிற மாதம் பெரிய கடை, இல்லாத மாதம் கடன் நோட்டு என்றால் இது என்ன யோக்கியதை? அந்தப் பாக்கியில் இன்னும் தீராதது உண்டானால் இந்த மாதச் சம்பளத்தில் முதலில் அதைத் தீருங்கள். கந்தூரிக்கும் கெடாவெட்டுக்கும் பிறகு கொடுக்கலாம்.

(இச்சமயத்தில் ஒரு தாயார் எழுந்து, "பெரிய கடையில் அரிசி கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவாய்க் கிடைக்கிறது, என் வீட்டுக்காரர் கூலிக்குப் போகிறவர், நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.)

அம்மா, அரிசியை எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பஸ் காசையும், கேட்காமல் கூடையில் விழுந்த பிஸ்கட்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். என் வீட்டில் இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முந்நூற்றறுபது ரூபாய் ரசீதோடு வந்தோம். போன மூவரில் நானும் ஒருவன். (சிரிப்பு) மாவு, எண்ணெய், கீரை, பலகாரம் இவற்றையாவது தெருவிலே வாங்குங்கள். அங்கே ஐந்து ரூபாய்க்கும் கொடுப்பார்கள்; பாக்கெட்டில் கொடுக்க மாட்டான்.

(பிறகு கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு வாலிபர், "எங்கள் ஊர் டீக்கடையில் இன்னும் எங்களுக்கு வேறு டம்ளர்தான். அதுவும் உள்ளூர்க் கடைதானே, அதையும் ஆதரிக்க வேண்டுமா?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி. அந்தக் கடைக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள் என்பது ஒரு பதில். ஆனால் அதனால் அந்த டம்ளர் அங்கேயேதான் இருக்கும். ஓட்டலில் பாத்திர பேதம் வைப்பது 1955ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, இங்கேயிருந்து பாய்மாரும், நம் தோழர்களும், வர விருப்பமுள்ள தாய்மார்களும் உங்கள் ஊருக்கு வருகிறோம். உங்களோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் டீ கேட்போம். கொடுத்தால் காசு கொடுத்துக் குடித்துவிட்டு, அவர் கடை வடையையும் வாங்கிக்கொண்டு வருவோம். கொடுக்காவிட்டால் அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுப்போம். வருகிறவர்கள் கூட்டம் கலைவதற்குள் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.