மிஷ்ரியும் பிள்ளையின் எடையும்
(மும்பை தாராவியில் கற்போர் வட்டத்துப் பெண்களிடம் பேசியது)



இன்று பல் தேய்ப்பதைப் பற்றிப் பேசுவோம். சிரிக்காதீர்கள். பல் தேய்ப்பதற்கும் உடம்பு எடைக்கும் தொடர்பு உண்டு. உங்கள் எடையைச் சொல்லவில்லை. வயிற்றில் வளரும் பிள்ளையின் எடையைச் சொல்கிறேன்.

ஊரில் வேப்பங்குச்சியும் உமிக்கரியும் இருந்தன. இங்கே வந்தபின் நம் பெண்கள் சிலர் மிஷ்ரி தேய்க்கப் பழகிவிட்டார்கள். மிஷ்ரி என்றால் என்ன? புகையிலையைச் சட்டியில் போட்டுக் கருக வறுப்பார்கள். பிறகு பொடி செய்வார்கள். அவ்வளவுதான்.

பல்வலிக்கு நல்லது என்றுதான் தொடங்குகிறார்கள். வலி கொஞ்ச நேரம் மரத்துப் போகும். சொத்தை அப்படியே இருக்கும். காலையில் ஒரு தடவை என்பது மூன்று, நான்கு தடவை ஆகிவிடும். தேய்க்காவிட்டால் தலை வலிக்கும். வெளிக்குப் போகாது என்பார்கள். பல் சுத்தத்துக்காக யாராவது நான்கு தடவை தேய்ப்பார்களா?

புகையிலையில் நிகோடின் என்ற நஞ்சு இருக்கிறது. அது ஈறு வழியாக இரத்தத்தில் கலக்கும். பசியை அடக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும். பிள்ளைக்குச் சோறு குறைந்த மாதிரிதான்.

இதை நம் மும்பையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1,217 பெண்களைக் கவனித்தார்கள். 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மிஷ்ரி போன்ற புகையிலைப் பழக்கம் உள்ள தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் குறைவாகப் பிறந்தன.

105 கிராம் ஒரு பெரிதா என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். 2,600 கிராம் இருக்க வேண்டிய பிள்ளை. 105 கழித்தால் 2,495. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போய்விட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே பிறக்கும் பிள்ளையை நோய் எளிதில் பிடிக்கும்.

பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்க மத்திய அரசு 1992இல் தடை போட்டது. வீட்டு அடுப்பில் வறுப்பதை யார் தடுப்பார்கள்?

நிறுத்தினால் முதல் சில நாள் எரிச்சலும் தலைவலியும் இருக்கும். பிறகு குறையும். பல்லுக்குப் பேஸ்டும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. பல்வலி என்றால் பல் டாக்டரிடம் போங்கள்.

புகையிலையை விட உதவி செய்ய அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி இருக்கிறது. தமிழிலும் பேசலாம். எண் 1800112356. எல்லோரும் நோட்டை எடுங்கள். மதினி, உங்களுக்கு ஏழாம் மாதம். கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை வேகமாக எடை போடும். நீங்கள் முதலில் எழுதுங்கள்.