ரப்பரைத் தின்னும் காற்று



கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறும் ரப்பர், நாளடைவில் பிசுபிசுத்துக் கெடுவது ஏன்? காற்றிலுள்ள பிராணவாயுவே காரணம். ரப்பர் மூலக்கூறொன்று ஹைட்ரஜன் அணுவை இழந்தால், பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, அண்டை மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்தது அடுத்ததைப் பறிக்கும். இச்சங்கிலி நீள நீள, ரப்பரின் நெடிய இழைகள் அறுபடுகின்றன.

இதனை 1946-இல் இங்கிலாந்தில் போலண்ட், ஜீ எனும் அறிஞர்கள் விளக்கினர். அவ்வாய்வுக்கு மலாயா ரப்பர்த் தீர்வையும் உதவிற்று; பால்மரம் வெட்டிய உங்கள் முன்னோரின் உழைப்பன்றோ அது!

நம் உடற்கொழுப்பும் இவ்வாறே கெடும். அங்கே வைட்டமின் 'ஈ' சங்கிலியைத் துண்டிக்கிறது. மரப்பாலிலும் அதன் உறவான காப்புப்பொருள் இயற்கையாகவே உண்டு. ஆயினும் செம்பு சிறிதளவு கலந்தாலும் அழிவு விரைவுபடும். எனவே செம்பு, பித்தளைப் பாத்திரங்களோ சல்லடைகளோ பாலில் படலாகாது.