ரெண்டு உலை வைக்க முடியாதுங்க!

நடுவர் ஐயா அவர்களே, எதிர்வரிசையில் சற்று வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் டயட் அணியினரே, கூடத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இந்த நிகழ்ச்சியைப் பார்க்கும் தாய்மார்களே, பெரியோர்களே! (சிரிப்பு)

'எடை குறைய ஏற்றது கெடுபிடி டயட்டா, வீட்டுச் சாப்பாடா?' இதுதான் தலைப்பு. நான் வீட்டுச் சாப்பாட்டுக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "ஏழே நாளில் அஞ்சு கிலோ குறைத்தேன்" என்று மார்தட்டினார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். சாதாரணமாக நமக்கு ஒரு நாளைக்குச் செலவாவது சுமார் 2,000. ஏழு நாளும் ஒரு பருக்கை தொடாமல் வெறும் தண்ணீர் குடித்துக் கிடந்தாலும் 14,000. அதாவது ரெண்டு கிலோகூடத் தேறாது! அப்ப அஞ்சு கிலோ எப்படிங்க போச்சு? பெரும்பாலும் தண்ணியாப் போச்சு. ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து, கிராமுக்கு மூணு கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து காலியானால் தண்ணீரும் வெளியேறும். எட்டாம் நாள் ரெண்டு இட்லி உள்ளே போனதும் அது திரும்பி வந்துவிடும். (கைதட்டல்)

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. தேனும் எலுமிச்சையும் வெந்நீரில் கலந்து குடித்துப் பார்த்தாகிவிட்டது. நல்லாத்தான் இருந்தது, எடை அப்படியே இருந்தது. முட்டைக்கோஸ் சூப் ஒரு வாரம். அந்த வாரம் எங்க வீட்ல முருங்கைக்காய் சாம்பார். தாளிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் போகுது. நான் மட்டும் அடுத்த அடுப்பில் கோஸைக் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் பொண்ணு வந்து எட்டிப் பார்த்துட்டு, "ஏம்மா, இது ஆஸ்பத்திரி சாப்பாடா?"ன்னா. (பலத்த சிரிப்பு)

அப்புறம் பேலியோ. சோறு கிடையாது, இட்லி கிடையாது. முட்டை, பனீர், இறைச்சி, வெண்ணெய் போட்ட டீ. நியாயமாகச் சொல்கிறேன் ஐயா, அதில் எடை குறைந்தது. மூன்று மாதம் ஓட்டினேன். ஆனால் மளிகைச் சீட்டு நீண்டுகொண்டே போனது. ஆடி வெள்ளிக்குக் கூழ், தையில் பொங்கல், கோயிலில் புளியோதரை, எல்லாமே விலக்கு! ஒரு கல்யாணப் பந்தியில் கூட்டையும் பொரியலையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினேன். பொண்ணு வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடி வந்து, "அக்கா, எங்க உபசரிப்புல என்ன குறை?"ங்கறார். அந்த டயட் வேலை செய்யாததால் நான் விடவில்லை. தினமும் ரெண்டு உலை, ரெண்டு குழம்பு என்று ஒரே கையால் எத்தனை வருஷம் வைக்க முடியும்? எங்க அத்தைக்குச் சோறு வேணும், வீட்டுக்காரருக்கு ரசம் வேணும். சமையலறைக்குள் நிற்கிறவளைக் கேட்காமல் எழுதின டயட் அது.

"எந்த டயட்தான் உசத்தி?" என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி முடிவு வெளியானது. 609 பேர். பாதிப் பேருக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடு, பாதிப் பேருக்கு மாவுச்சத்து குறைந்த சாப்பாடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ, இவர்களுக்கு 6 கிலோ. பெரிய வித்தியாசமே இல்லை. ரெண்டு அணிக்கும் பொதுவாகச் சொன்னது: காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைய. இதைச் சொல்ல எங்க பாட்டி போதும், ஆராய்ச்சி எதுக்கு! (சிரிப்பு)

சரி, நான் என்ன செய்கிறேன்? எல்லாருக்கும் ஒரே சமையல். தட்டில் மட்டும் இடம் மாற்றம். சோறு மூணு கரண்டி இருந்த இடத்தில் ஒண்ணரை. காய் இருமடங்கு. தினம் ஒரு சுண்டலோ, பருப்போ, முட்டையோ உண்டு. நாலு காபிக்கும் ரெண்டு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் 160 கலோரி. அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் செலவாவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் சர்க்கரையை நிறுத்தினேன், நடையை நிறுத்தவில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு, தாய்மார்களே. சட்டியில் ஒட்டின ரெண்டு கரண்டி உப்புமா, குழந்தை வைத்துவிட்டுப் போன பாதி தோசை, இதெல்லாம் எங்கே போகிறது? குப்பைக்கா? இல்லை! நம்ம வயித்துக்கு! வீணாகக் கூடாதுன்னு நம்ம உடம்பையே குப்பைத்தொட்டி ஆக்கிக்கிறோம். (நீண்ட கைதட்டல்) எங்க வீட்டில் இப்போது அளந்து வைக்கிறேன். மீந்தால் ஃப்ரிட்ஜ், இல்லையென்றால் வீட்டுக்காரர்! (சிரிப்பு)

இது விளையாட்டுப் பேச்சு இல்லை, ஐயா. எங்க அம்மா பதினாறு வருஷமா இன்சுலின் போட்டுக்கறாங்க. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்தப் படையெடுப்பே. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இப்படி எல்லைக்கோட்டில் நின்றவர்கள்தான் அதில் இருந்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான். அதிலும் விசேஷம், அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவேயில்லை! அதனால்தான் நான் எடை மெஷினோடு இஞ்சு டேப்பும் வைத்திருக்கிறேன். இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது எதிரணிப் பேச்சைக் கேட்டு நாளைக்கே பட்டினி கிடந்துவிடாதீர்கள். மாத்திரை உள்ளே போய் சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

"நீங்க எவ்வளவு குறைச்சீங்க?" என்று நண்பர் அங்கிருந்து சைகையால் கேட்கிறார். ஒண்ணரை வருஷத்தில் எட்டு கிலோ, நண்பரே. நடுவில் தீபாவளி வந்தது, அதிரசமும் சாப்பிட்டேன், ரெண்டு. மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்கார்ந்துவிடுகிறேன்.  (கைதட்டல்)