முதலில் காயத்தைக் கேளுங்கள்

(விருத்தாசலத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021-இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறியது. அங்கிருந்து வரும் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் படிக்கிறார்கள். நெருக்கமான வீட்டு வரிசை, மீந்த சோறு, திறந்த குப்பை. தெருநாய்கள் தங்க இவை போதும்.

பிடித்துப்போய்த் தொலைவில் விட்டால் என்ன என்று கேட்பார்கள். உணவு கிடைக்கும் இடத்துக்கு வேறு நாய்கள் வந்துவிடும். பெட்டை நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். எனவே கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே வழி. புளூ கிராஸ் அமைப்பு 1964-இல் தொடங்கிய இம்முறையைச் சென்னை மாநகராட்சி 1996-இல் ஏற்றது. மத்திய அரசு 2001-இல் விதிகளாக்கி, 2023-இல் புதுப்பித்தது. காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அறுவை முடிந்த நாய். இதை மாணவருக்குச் சொல்லுங்கள். வெட்டில்லாத நாய்களை எண்ணி, உள்ளாட்சிக்கு மனு எழுதப் பழக்குங்கள்; மொழிப்பாடமும் ஆகும்.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் கோணலாகி ஒதுக்கப்படும் கிண்ணம் ஒன்று போதும், கோடையில் தண்ணீர் வைக்க.

ஆனால் திட்டுக்குப் பயந்து கீறலை மறைக்கும் குழந்தைதான் நம் கவலை. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வேண்டாம். சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எல்லாத் தவணை ஊசியும் போடச் செய்யுங்கள்.

"நாயிடம் ஏன் போனாய்?" என்று கேட்கும் முன், "எங்கே காயம்?" என்று கேளுங்கள்.