வாடகை வீடு வாங்குமுன்



அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறுவோர் கையில் பெருந்தொகை வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே முறைதான். அப்பணிக்கொடையை என்ன செய்யலாமென ஆசிரியர் சிலர் என்னிடம் உசாவுவதுண்டு. ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதந்தோறும் காசு வரும், முதலும் அழியாது என்பது அவர்களுட் பலரது எண்ணம். எண்ணம் பிழையன்று, ஆனால் தரகர் சொல்லும் கணக்கோடு நின்றுவிடுதல் ஆபத்து.

யாழ்ப்பாண நகரை அடுத்த ஒரு கல்வீட்டின் விலை 1,20,00,000 ரூபா, மாத வாடகை 45,000 ரூபா என வைத்துக்கொள்வோம். பென்சில் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஆண்டு வாடகை 5,40,000 ரூபா. நூற்றுக்கு நாலரை வீதம் என்பார் தரகர். அவர் கூட்டுவதை மாத்திரம் அறிந்தவர். கழித்தல் நம்முடைய வேலை. ஒரு குடும்பம் போய் மற்றொரு குடும்பம் வருமுன் வீடு ஒரு மாதமாவது வெறுமையாய்க் கிடக்கும். அதற்கு 45,000. ஓடு மாற்றுதல், வெள்ளையடித்தல், நீர்ப்பம்பி பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு 75,000. சோலைவரி முதலிய சில்லறைச் செலவுக்கு 10,000. எஞ்சுவது 4,10,000. இனி முதலைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு வீதம். நொத்தாரிசின் கூலியும் குடிபுகுமுன் செய்யவேண்டிய திருத்த வேலையும் சேர, முதல் 1,30,00,000 ரூபாவை எட்டும். ஆகவே உண்மை வருவாய் நூற்றுக்கு மூன்று வீதத்தைச் சிறிதே தாண்டுகின்றது. அன்றைய தினம் வங்கி நிலையான வைப்புக்குத் தரும் வட்டி எவ்வளவென்று கேட்டு, இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தல் வேண்டும்.

காணியின் விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். 2009ஆம் ஆண்டிற்குப் பின் வெளிநாட்டுப் பணம் வந்து வடக்கிற் காணி விலையை உயர்த்தியதை நாம் கண்டோம். வாடகை அவ்வளவு வேகமாக உயரவில்லை. விலையேற்றம் விற்கும் நாளிற்றான் காசாகும். மாதச் செலவுக்கு அது உதவாது.

கடன் பட்டு வாங்குவோர் 2022ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. வட்டி மாறும் நிபந்தனையிற் கடன் பெற்றவர்களின் தவணைப்பணம் பெருகிற்று. வாடகையோ ஒப்பந்தத்திற் கண்டபடியே நின்றது.

இனி உறுதியைப் பற்றி. நிலத்தைக் காண்பதற்கு முன்னரே காணிப் பதிவகத்திற் பதிவேட்டைப் பார்ப்பித்தல் நன்று. ஈடு உண்டா, ஒற்றி உண்டா, வழக்குண்டா என்பன அங்கே தெரியவரும். யாழ்ப்பாணத்தவருக்கு இன்னுமொன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின் கீழ்ப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முன்வாங்கும் உரிமை உளது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்தது. விற்பவரின் தமையனார் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கின்றார், அவருக்கு அறிவிக்கத் தேவையில்லை என்று யாரேனும் சொன்னால், அங்கேதான் நீங்கள் நின்று விசாரிக்கவேண்டும். காசு கொடுத்து, உறுதி முடித்து, வேலியும் அடைத்த பின்னர் நீதிமன்ற அழைப்பாணை வந்த கதைகள் நம் ஊரில் அரியனவல்ல.

வீட்டில் முன்னரே குடியிருப்போர் உளராயின் அவர்களோடு நேரிற் பேசுங்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போருக்குப் பலத்த பாதுகாப்பை அளித்தது. அதனால் சொற்ப வாடகையில் ஒரே குடும்பம் தலைமுறையாக இருந்த வீடுகள் கொழும்பிற் பல. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; அவர்களுக்கும் இருக்க ஓரிடம் வேண்டும். ஆனால் வாங்குபவர் அந்நிலையை அறிந்தே வாங்கவேண்டும். குறித்த வீட்டுக்கு எச்சட்டம் பொருந்தும் என்பதை, விற்பவரின் சட்டத்தரணியிடமன்றி, உங்கள் சட்டத்தரணியிடம் எழுத்திற் பெறுங்கள்.

கிணற்றை மாரியிற் பார்த்து மகிழ்வது பயனற்றது. ஆவணி மாதத்தில், நீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும்போது, ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். உவர்நீர்க் கிணறுள்ள வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரர் வருதல் அரிது. வந்தாலும் அடுத்த கோடைக்குள் வேறு வீடு தேடுவர்.